மினாக் கூடாரம் குளிர வேண்டுமா? பின்பக்கத் திரையை முதலில் திறங்கள்

ஜித்தாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் பெரிய காக்கா, அதாவது அண்ணன், ஆசைப்பட்டுக் கேட்டார் என்று ஒரு டெசர்ட் கூலரை, தண்ணீரால் காற்றைக் குளிர வைக்கும் பெட்டியை, கார்கோவில் போட்டுக் கீழக்கரைக்கு அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ஃபோன் வந்தது. "தம்பி, நீ அனுப்புன பெட்டி நல்லாத்தான் ஊதுது. ஆனா குளிரலையே. பாய், தலகாணியெல்லாம் நமுத்துப் போச்சு. உன் மதினி அதைக் கோழி அடைக்கக் கேக்குறா."

கடைசியில் அதில் கோழிதான் அடைந்தது. ஆனால் அதே பெட்டிதான், ஹஜ் நாட்களில் ஹாஜிமார்கள் கூடாரத்தில் தங்கும் மினாவில், வெளியே 43 டிகிரி காயும்போது கூடாரத்துக்குள் 27 டிகிரிக் காற்றை ஊதும். நம் ஊர்க் கடற்கரைக் காற்று வரும்போதே தண்ணீர் குடித்துவிட்டு வருகிறது. அதற்கு மேல் குடிக்க அதற்கு வயிறு இல்லை. மினாக் காற்று நா வறண்டு வருகிறது, எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் கூடார வேலையில் பாதி தெரிந்த மாதிரி.

பதினான்கு வருஷம் ஏசி, கூலர் வேலை பார்த்தேன். அதில் ஒன்பது ஹஜ் சீசன் மினா முகாம்களில். இப்போது ஊரில் இருக்கிறேன். சீசன் வேலைக்குப் போகும் பையன்களும், ஜமாஅத்தோடு ஹாஜிமார்களை அழைத்துப் போகிறவர்களும் என்னிடம் வந்து கேட்பதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். ஏசி படித்தவர்களுக்கு இதில் சில இடங்கள் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். பரவாயில்லை, கூடாரத்தில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைப் படிக்காதவர்கள்.

கூடாரம் எப்படிப்பட்டது

மினா என்பது மக்காவுக்குக் கிழக்கே, இரண்டு பக்கமும் மொட்டை மலை நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு. பகலெல்லாம் சூடேறிய பாறை ராத்திரி பத்து மணிவரை வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வெள்ளைக் கூடாரங்கள். பெரும்பாலானவை 8 மீட்டருக்கு 8 மீட்டர். துணி மாதிரி தெரிந்தாலும் அது பருத்தி இல்லை, டெஃப்லான் பூசிய கண்ணாடி நார். தீப்பிடிக்காது.

முன்னால் அப்படி இல்லை. 1997 ஏப்ரல் 15ஆம் தேதி, ஹஜ் மாதமான துல்ஹஜ் பிறை எட்டில், மினாவில் தீப்பிடித்தது. காற்று தூக்கிக்கொண்டு போய் 70,000 கூடாரம் எரிந்தது. 343 பேர் மவுத்தானார்கள். காரணம் சமையல் கேஸ். அதற்குப் பிறகுதான் துணிக் கூடாரங்களை எடுத்துவிட்டு, இப்போதுள்ள நிரந்தரக் கூடாரங்களை, சூடு தட்டினால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களோடு போட்டார்கள். என் மாமா அந்த வருஷம் அங்கே இருந்தார். மலைமேல் ஏறித் தப்பித்தவர். சாகிறவரைக்கும் வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சூட்கேஸுக்குள் சின்ன ரைஸ் குக்கரும் கெட்டிலும் வந்துவிடும். "கஞ்சி மட்டும்தாம்பா" என்பார்கள். ஒரே சாக்கெட்டில் எட்டு ஃபோன் சார்ஜர், ஒரு கெட்டில். பிரேக்கர் விழும். அதே லைனில் கூலர் இருந்தால் அதுவும் நிற்கும். கஞ்சி ஒருத்தருக்கு, வேர்வை நாற்பது பேருக்கு. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் கடுமையாகவே.

ஆள் கணக்கு

கூடாரத்தின் பெரிய அடுப்பு சூரியன் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஆட்களும்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியே வரும். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற மாதிரி. 64 சதுர மீட்டர்க் கூடாரத்தில் 40 பேர் என்றால் 4 கிலோவாட். ஒரு டன் ஏசி உள்ளேயிருந்து இழுத்து வெளியே தள்ளும் வெப்பம் மூன்றரை கிலோவாட். அதாவது ஆட்கள் விடும் சூட்டுக்கே ஒரு டன் போதாது. கூரை வழியாக இறங்கும் வெயிலுக்கு இன்னும் ஒன்றுமே கணக்கில் எழுதவில்லை.

அதனால் யார் எங்கே படுப்பது என்பதும் குளிரூட்டும் வேலைதான். மெத்தைகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள், ஒருத்தருக்கு இரண்டு அடி அகலம் வந்தால் பெரிய விஷயம். கூலர் வாய்க்கு நேர் எதிரே வயசானவர்களைப் படுக்கவைக்கிறோம் என்று நல்ல மனசோடு செய்வார்கள். செய்யாதீர்கள். ஈரக்காற்று ராத்திரி முழுக்க நெஞ்சில் அடித்தால் மறுநாள் இருமல், மூன்றாம் நாள் முகாம் முழுக்க இருமல். வயசானவர்களையும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களையும் காற்று கடந்து போகும் நடுவழியில், வாசலுக்குப் பக்கமாகப் போடுங்கள். கழிப்பறைக்குப் போகவும் வசதி. கூலர் வாய் எதிரே இளவட்டங்கள் படுக்கட்டும். வெயில் ஏறும் மேற்குப் பக்கத் திரையோரம் பெட்டி, சாமான்களை அடுக்குங்கள். அங்கே அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு மேல் யாராலும் முதுகு சாய்க்க முடியாது.

கூலர் என்ன செய்கிறது

நம் வீட்டுத் திண்ணையில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்களே, அதேதான். பெட்டியின் மூன்று பக்கமும் ஈரமான திண்டு. அரபியில் கஷ் என்பார்கள், வைக்கோல் என்று அர்த்தம். இப்போது பல இடங்களில் தேன்கூடு மாதிரி அட்டைத் திண்டு வந்துவிட்டது. அடியில் தொட்டி. ஒரு குட்டி பம்ப் தண்ணீரை மேலே ஏற்றித் திண்டில் வழியவிடும். ஃபேன் வெளிக்காற்றை அந்த ஈரத்தின் வழியாக இழுத்து உள்ளே தள்ளும். தண்ணீர் ஆவியாகும், ஆவியாகத் தேவையான சூட்டைக் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் ஆவியானால், ஒரு கிலோவாட் ஹீட்டரை 40 நிமிஷம் ஓடவிட்டால் வரும் அவ்வளவு சூடு காற்றிலிருந்து போகிறது.

43 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால், நல்ல திண்டுள்ள கூலர் 27 டிகிரிக்குக் கொண்டுவரும். ஈரப்பதம் 40 ஆகிவிட்டால், வெளியே 38 டிகிரிதான் என்றாலும் 29க்குக் கீழே இறங்காது. "வெயில் இன்னைக்கிக் கம்மிதானே, கூலர் ஏன் வேலை செய்யலை?" என்று ஹாஜியார் கேட்கும்போது பதில் இதுதான். அவர் கேட்கும் நாளில் மெஷினைப் பிரித்துப் போடாதீர்கள்.

மணிக்கு 5,000 கன மீட்டருக்கு மேல் காற்று ஊதும் கூலர் ஒரு கூடாரத்துக்கு வேண்டும். அப்போதுதான் உள்ளேயிருக்கும் காற்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாறும். அப்படிப்பட்ட கூலர் மணிக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். ராத்திரி பகலாக ஓடும் பெட்டிக்கு வாளியில் ஊற்றிக் கட்டுப்படி ஆகாது. குழாய் இணைப்பும் மிதவை வால்வும் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

உள்ளே 5,000 கன மீட்டர் தள்ளினால், 5,000 கன மீட்டர் வெளியே போகவும் வேண்டும். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்.

பின்பக்கத் திரை

நாலாவது சீசன் என்று ஞாபகம். பிறை எட்டு, லுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் கூடாரம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். "தம்பி, கூலர் கெட்டுப்போச்சு." உள்ளே போனால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. இஹ்ராம் என்ற ஹஜ் உடுப்புத் துணியெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கூலர் வாயில் கை வைத்துப் பார்த்தேன். காற்று ஜில்லென்றுதான் வந்தது, ஆனால் வேகம் இல்லை.

சுற்றிப் பார்த்தேன். பின்பக்கத் திரை அடியிலிருந்து உச்சிவரை இழுத்துக் கட்டியிருந்தது. வாசல் திரையும் மூடி, அதன்மேல் ஒரு போர்வை வேறு.

"யார் கட்டுனது?"

ஒரு பெரியவர் பெருமையாகச் சொன்னார். "நான்தான் வாப்பா. குளிர்ச்சி வெளியே போகுதுல்ல. வீட்டுல ஏசி போட்டா கதவைச் சாத்துறதில்லையா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, ஏசிக்கு அதுதான் சட்டம். கூலருக்கு நேர் எதிர். வெளியே போக வழி இல்லாத காற்று, உள்ளே வரவும் மறுக்கும். நாற்பது பேர் மூச்சும் வேர்வையும் கூலர் கொடுத்த ஈரமும் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஈரம் ஏறியபின் உடம்பு வேர்வை காயாது. காயாத வேர்வை குளிர வைக்காது. அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, திரையை மேல்பக்கமாக இரண்டு முழம் சுருட்டிக் கட்டினேன். வாசல் போர்வையை எடுத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து அவரே, "அட, இப்பத்தான் காத்து நடக்குது" என்றார். அந்த வார்த்தையை அதற்கப்புறம் நான் எல்லா முகாமிலும் சொல்லிவிட்டேன். காற்று நடக்க வேண்டும்.

எவ்வளவு திறப்பது? கூலர் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில், வீட்டுக் கதவில் பாதி அளவு. அதைவிட அகலமாகத் திறந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், மூலைகள் சூடாகவே நிற்கும். திறப்பு கூலருக்குப் பக்கத்திலேயே இருந்தால் பிரயோசனமே இல்லை. எதிர் மூலையில் இருக்கட்டும், முடிந்தால் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். சூடு மேலேதான் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். திறப்பில் பிடித்தால் அது வெளிப்பக்கமாகப் படபடக்க வேண்டும். தொங்கினால் எங்கோ அடைப்பு. உள்பக்கமாகப் படபடத்தால் பக்கத்துக் கூடாரத்தின் ஈரக்காற்று உங்களிடம் வருகிறது.

பெண்கள் கூடாரத்தில் இது இன்னும் கஷ்டம். பர்தாவுக்காகத் திரையை எப்போதும் மூடியே வைப்பார்கள், அது நியாயம். அங்கே திரையை அவிழ்க்கச் சொல்லி வாதாடிப் புண்ணியமில்லை. ஊரில் கிணற்றடிக் குளியல் மறைப்புக்கு முன்னால் ஒரு தட்டி தனியாக நிற்குமே, அந்த மாதிரி செய்யுங்கள். திறப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு கனத்த துணியைக் கயிற்றில் தொங்கவிட்டால் பார்வை மறையும், காற்று இரண்டு ஓரத்திலும் கழன்று போகும். இதைச் செய்துகொடுத்தபின் ஒரு லாத்தா (அக்கா) எனக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் இனிப்பு கொடுத்தார்கள். ஒன்பது சீசனில் கிடைத்த ஒரே போனஸ்.

உள்ளே நுழையும் முன் வாசலில் நின்று, "லாத்தாமார்களா, கூலர் பாக்க வர்றோம்" என்று சத்தம் கொடுத்து, ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் புதுப் பையன்கள் அவசரத்தில் மறக்கிறார்கள்.

இப்போது நிறைய முகாம்களில் ஏசி வந்துவிட்டது. வசதியான முகாம்களில் ஜிப்சம் சுவரே போட்டிருக்கிறார்கள். ஆகவே போய் இறங்கியதும் முதல் வேலை, உங்கள் கூடாரத்தில் இருப்பது கூலரா ஏசியா என்று பார்ப்பது. ஏசி என்றால் மூடுங்கள். கூலர் என்றால் திறங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றை நிறுத்துங்கள். கூலர் ஊற்றும் ஈரத்தைப் பிழிந்து எடுப்பதிலேயே ஏசியின் சக்தி முழுக்கப் போய்விடும்.

சீசனுக்கு முன்னும், ஒன்பதாம் நாளும்

கூடாரத்தில் ஆட்கள் இருப்பது ஐந்தாறு நாள். மீதி வருஷம் முழுக்க கூலர் வெயிலில் காய்ந்து கிடக்கும். தொட்டியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். திண்டில் மண். சீசனுக்கு முன் தொட்டியைச் சுரண்டிக் கழுவி, குளோரின் தண்ணீர் விட்டு ஓடவிட்டு, அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். தேங்கிய தண்ணீரின் கிருமி காற்றோடு நாற்பது பேர் நுரையீரலுக்குப் போகும். திண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மொறுமொறுவென்று உடைந்தால் மாற்ற வேண்டியதுதான். ஓடும்போது திண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் நனைந்திருக்க வேண்டும். வெளுத்த கோடு ஒன்று தெரிந்தால் அந்த வழியாகச் சூட்டுக்காற்று அப்படியே உள்ளே போகிறது, மேலே தண்ணீர் சொட்டும் துளை ஒன்று அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

என் இரண்டாவது சீசனில் நான் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் பாதித் திண்டுகளை மட்டும் மாற்றச் சொன்னார். மீதி "அடுத்த வருஷம் பார்க்கலாம்." நானும் வாயை மூடிக்கொண்டு செய்தேன். அதைவிட மோசம், மிதவைகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்காமல் விட்டேன். ஒரு கூலரில் உப்பேறிப்போய் மிதவை மேலேயே ஒட்டி நின்றது. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொண்டது. தொட்டி வற்றியது, பம்ப் வெறும் காற்றில் ஓடிப் புகைந்தது, ஃபேன் மட்டும் 45 டிகிரிக் காற்றை அள்ளி உள்ளே கொட்டியது. ஜமராத் தூண்களில் கல் எறியும் ஹஜ் கடமையை முடித்துவிட்டு வந்து அந்தக் கூடாரத்தில் படுத்த ஒரு அம்மா மயங்கிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். மிதவையை விரலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். இப்போதும் எங்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலும் என் கை தானாகப் போய் மிதவையைத் தட்டும்.

உப்பு சேராமல் இருக்க, தொட்டி ஓரத்தில் ஒரு சின்ன வடிகுழாயைக் கொஞ்சம் ஒழுகவிட்டு வைப்பது நல்லது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒழுகுவதைப் பார்த்து யாராவது "தண்ணி வீணாகுதே" என்று இறுக்கி மூடிவிடுவார்கள். அதன்மேல் தமிழிலும் உருதிலும் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

பிறை ஒன்பது உங்களுக்குப் பொன்னான நாள். காலையில் எல்லாரும் அரஃபா மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து ராத்திரி தங்க முஸ்தலிஃபா. மறுநாள் காலைவரை மினா வெறிச்சோடிக் கிடக்கும். அன்றைக்குத் தூங்காதீர்கள். எட்டாம் தேதி வந்த புகார்களை எழுதிவைத்திருப்பீர்கள், அவற்றையெல்லாம் அன்று முடியுங்கள். தொட்டியை வடித்துப் புதுத் தண்ணீர் விடுங்கள். பத்தாம் தேதி ஃபஜ்ர் என்ற விடியற்காலைத் தொழுகைக்கே எல்லாக் கூலரையும் போட்டுவிடுங்கள். முதலில் பம்ப், திண்டு நனைய பத்து நிமிஷம், பிறகு ஃபேன். முஸ்தலிஃபாவில் வெட்டவெளியில் அரைத்தூக்கம் தூங்கி, நடந்து, கல் எறிந்து, கால் வெடித்து வருகிறவர்கள் நுழையும்போது தரையும் மெத்தையும் குளிர்ந்திருக்க வேண்டும். அவர்கள் வந்தபின் சுவிட்சைப் போட்டால், சூடேறிய கம்பளமும் நாற்பது உடம்பும் சேர்ந்து உங்களை லுஹர்வரை தோற்கடிக்கும்.

அரஃபாவில்

அங்கே ஒரு பகல் மட்டும்தான். பெரும்பாலும் தற்காலிகக் கூடாரம், தரையில் கம்பளம், ஓரத்தில் கூலர். எல்லாக் கூடாரமும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் போட்டால் ஜெனரேட்டர் மூச்சு வாங்கும். ஒவ்வொரு வரிசையாக, ஒரு நிமிஷ இடைவெளி விட்டுப் போடுங்கள். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை கூடாரத்தை விட்டு வெளியே வராதீர்கள் என்று 2025இல் சவூதி ஹஜ் அமைச்சகமே சொன்னது. அதற்கு முந்தின வருஷம், 2024, எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் 18 லட்சத்துக்கு மேல் ஹாஜிகள். மக்காவில் 51.8 டிகிரி பதிவானது. 1,301 பேர் மவுத்தானார்கள். அதில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து, ஒதுங்க இடமின்றி வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் போகலாம் என்று யாராவது மலிவாகப் பேசினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சீட்டு இல்லை என்றால் கூடாரம் இல்லை.

அரஃபா மைதானத்தில் வேப்பமரங்கள் வரிசையாக நிற்கும், ஏறக்குறைய 50,000 நட்டிருக்கிறார்கள். பாலைவனத்தில் நம்ம ஊர் வேம்பைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு குஷி வரும், அடியில் பாய் விரிக்கப் போவார்கள். அஸருக்குப் பிறகு போகட்டும், துஆ கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. உச்சி வெயிலில் மரநிழல் நகர்ந்துவிடும், கண்மூடிக் கையேந்தி இருப்பவருக்கு அது தெரியாது.

ஆட்களைக் குளிர வைப்பது

மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தண்ணீர் குடிக்காத உடம்பைக் குளிர வைக்காது. பிறை எட்டின் பெயரே தர்வியா, தாகம் தீர்த்துக்கொள்ளும் நாள். அந்தக் காலத்தில் அரஃபாவில் தண்ணீர் கிடையாது என்று அன்றைக்கே ஒட்டகத்துக்கும் தோல்பைக்கும் நிரப்பிக்கொள்வார்கள். நான் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர் என்று கணக்குப் போட்டு இறக்குவேன். 40 பேர்க் கூடாரத்துக்கு 240 லிட்டர். பெட்டிகள் வாசலில் வெயிலில் கிடக்கக் கூடாது, கூலர் காற்று படும் இடத்தில் அடுக்குங்கள்.

ஆனால் குடிக்க மாட்டார்கள். காரணம் கழிப்பறை வரிசை. குறிப்பாகப் பெண்கள், வரிசையைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். "எனக்குத் தாகமே இல்லை தம்பி" என்பார்கள். மூன்றாம் நாள் தலைசுற்றல். பாங்குக்கு முன்னால் அரைமணி நேரம்தான் வரிசை நீளும், எல்லாரும் தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி ஒளு எடுக்கப் போவார்கள். பாங்குக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு குரல் கொடுத்து வயசானவர்களைக் கூட்டமாக அனுப்பிவையுங்கள். அந்த ஒரு குரல் நாலு கூலருக்குச் சமம். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் ஓஆர்எஸ் பொட்டலமும் கலந்து கொடுங்கள். சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரட்டும்.

இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் தலையை மூடக் கூடாது. அதனால் ஈரத்துண்டைத் தலையில் போடாமல் கழுத்தில், கக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், குடை பிடிக்கலாம். ஈர டிஷ்யூ கொடுத்தால் வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒருவர் பேச்சு குழறினால், இருக்கும் இடம் தெரியாமல் உளறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், அது களைப்பு இல்லை. வெப்பத்தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். சவூதி ஆம்புலன்ஸ் எண் 997க்கு ஒருவர் ஃபோன் போடட்டும். மற்றவர்கள் அவரைக் கூலர் வாய்க்கு முன்னால் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், காற்று படட்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மக்காவுக்கென்றே 1980 வாக்கில் ஒரு கட்டில் உருவாக்கினார்கள். வலைப் படுக்கையில் ஆளைப் போட்டு, 15 டிகிரித் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, கூடவே 45 டிகிரிச் சூட்டுக்காற்றை ஊதுவார்கள். சூட்டுக்காற்றா என்று நானும் திகைத்தேன். தோல் சில்லிட்டால் ரத்தக் குழாய் சுருங்கி உள்சூடு வெளியே வராதாம். தோலை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டே ஆவியாக்கிச் சூட்டை இறக்குகிறார்கள். யோசித்துப் பார்த்தால் மனுஷனையே கூலர் திண்டாக்கிவிடும் வித்தை.

வழி தவறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கூடாரமும் ஒரே வெள்ளை. ஜமராத்திலிருந்து திரும்பும்போது ஒரு சந்து மாறினால் இரண்டு மணி நேரம் வெயிலில் சுற்றுவார்கள். முகாம் எண்ணும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். ஃபோனை நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் அதுவும் மயங்கிவிடும்.

ஹஜ் வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2026இல் மே கடைசி, 2030இல் ஏப்ரல். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை நம்பித் திண்டு மாற்றாமல் விடும் ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள். ஏப்ரலிலும் நாற்பது பேர் நாலு கிலோவாட்தான்.

பிறை பன்னிரண்டு மாலை பாதிப் பேர் கிளம்புவார்கள், பதின்மூன்றில் மீதி. கடைசி ஆள் போனபின் பம்பை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திண்டைக் காயவையுங்கள். தொட்டி வடிகாலைத் திறந்து முழுக்க வடியுங்கள். குழாய் வால்வை மூடுங்கள். மிதவையை ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். உள்ளே மறந்துபோன செருப்பு, தஸ்பீஹ், கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்கி அலுவலகத்தில் கொடுங்கள். அதற்கப்புறம் பின்பக்கத் திரையை அடியிலிருந்து உச்சிவரை இழுத்துக் கட்டலாம்.